கடைசி பெஞ்சில் ஒரு சக ஆசிரியர்

கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஆய்வுக் கட்டுரை எழுதினால், அது அச்சேறுவதற்கு முன்பு குறைந்தது இரண்டு பேராவது படித்துவிடுகிறார்கள். 'மூன்றாம் பக்கத்தில் சொன்னதற்கு ஆதாரம் போதாது', 'அட்டவணையில் கூட்டல் இடிக்கிறது' என்று எழுதி அனுப்புகிறார்கள். எரிச்சல் வந்தாலும் திருத்துகிறோம், திருப்பி அனுப்புகிறோம். அதே ஆசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்கிறார். முப்பது வருடப் பணியில் அந்த வகுப்புகளில் ஒன்றையாவது, பாடம் தெரிந்த இன்னொருவர் உட்கார்ந்து முழுசாகக் கேட்டிருப்பாரா? வேலைக்குச் சேரும்போது எடுத்த டெமோ கிளாஸ்தான் கடைசி என்று சொல்பவர்கள் நிறைய பேர். அதுவும் பெரும்பாலும் மாணவர்கள் இல்லாத அறையில், நேர்காணல் குழுவின் முகத்தைப் பார்த்து எடுத்த பத்து நிமிட வகுப்பு.

இந்த முரண் எல்லா நாட்டிலும் உண்டு. அதை வெளிப்படையாகப் பேசியவர்களில் முக்கியமானவர் லீ ஷுல்மன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராக இருந்தபோது, 1993-இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பல்கலைக்கழக வாழ்க்கைக்குள் வரும்போது ஆராய்ச்சி என்பது தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை, பாடம் நடத்துவது நாலு பேரோடு கூடிச் செய்கிற வேலை என்று அவர் நினைத்திருந்தாராம். வந்து பார்த்தால் நேர் எதிர். ஆராய்ச்சியில்தான் கருத்தரங்கு, கடிதப் போக்குவரத்து, விவாதம் எல்லாம் இருந்தன. வகுப்பறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் தனிமை. அதற்கு அவர் வைத்த பெயர் கற்பித்தலின் தனிமை.

அந்தக் கட்டுரையின் வாதம் எனக்கு இன்றும் சரியாகத்தான் படுகிறது. பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்துவதற்கு மதிப்பில்லை என்று எல்லோரும் புலம்புகிறோம். நிர்வாகத்துக்கு அக்கறை இல்லை என்று காரணம் சொல்கிறோம். ஷுல்மன் வேறு காரணம் சொன்னார். ஒரு துறையின் அறிஞர்கள் கூடிப் பார்த்து, அலசி, எடுத்துப் பயன்படுத்தி, அதன்மேல் அடுத்ததைக் கட்டுகிற பொருளுக்குத்தான் கல்வி உலகம் மதிப்புக் கொடுக்கும். வகுப்பு முடிந்ததும் காற்றில் கரைந்துபோகிற ஒன்றுக்கு அது எப்படி மதிப்புப் போடும்? ஆகவே பாடம் நடத்துவதும் எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுச் சொத்தாக வேண்டும் என்றார். சக ஆசிரியர் மதிப்பாய்வு என்று இன்று பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நடப்பதற்கு வேர் இந்த யோசனையில் இருக்கிறது.

சரி, ஒரு சக ஆசிரியர் வந்து உட்கார்ந்து கேட்டால் நல்ல வகுப்பு எது, மோசமான வகுப்பு எது என்று தெரிந்துவிடுமா? இங்கேதான் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

1970-இல் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த நாஃப்டுலின், வேர், டானெல்லி என்ற மூவர் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். மைக்கேல் ஃபாக்ஸ் என்ற நடிகரைப் பிடித்து, 'டாக்டர் மைரன் ஃபாக்ஸ், மனித நடத்தையைக் கணிதத்தால் விளக்குவதில் வல்லுநர்' என்று அறிமுகப்படுத்தி மேடையேற்றினார்கள். மருத்துவக் கல்விக்கு ஆட்டக் கோட்பாட்டைப் பொருத்துவது எப்படி என்பது தலைப்பு. அந்த விஷயத்தில் நடிகருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பத்திரிகைக் கட்டுரையை வைத்து அவரைத் தயார்ப்படுத்தியிருந்தார்கள். முன்னுக்குப்பின் முரணாகப் பேச வேண்டும், இல்லாத சொற்களைப் புகுத்த வேண்டும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத விஷயங்களை அடுக்க வேண்டும், நடுநடுவே சிரிக்க வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் ஒரு மணி நேரம் பேசினார். அரை மணி நேரம் கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார்.

நேரில் கேட்ட குழுவுக்கு அப்புறம் இன்னும் இரண்டு குழுக்களுக்கு அந்த உரையை வீடியோவில் போட்டுக் காட்டினார்கள். மொத்தம் 55 பேர். மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், கல்வியாளர்கள், கல்வி நிர்வாகிகள். உரை தெளிவாக இருந்தது, சிந்தனையைத் தூண்டியது என்று பெரும்பாலானோர் படிவத்தில் குறித்துக் கொடுத்தார்கள். வந்தவர் போலி என்று ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அவர் எழுதியதை முன்பே படித்திருப்பதாக ஒருவர் சொன்னதும் உண்டு. 1973-இல் இந்த ஆய்வு வெளியானது.

மாணவர்கள் கொடுக்கும் மதிப்பெண்ணை நம்ப முடியாது என்பதற்கு உதாரணமாகத்தான் டாக்டர் ஃபாக்ஸ் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். ஆனால் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பதினெட்டு வயது மாணவர்கள் இல்லை. படித்தவர்கள், பலர் தாங்களே பாடம் நடத்துகிறவர்கள். அந்த வகையில் நம் சகாக்கள். ஆட்டக் கோட்பாடு அவர்களுடைய துறை அல்ல என்பது உண்மைதான். ஆனால் கல்லூரியில் வகுப்பைப் பார்க்க வருகிறவரும் பெரும்பாலும் அந்தப் பாடத்தை நடத்துகிறவராக இருப்பதில்லையே. கணீரென்ற குரல், தடுமாறாத பேச்சு, சிரித்த முகம், நிறைந்த கரும்பலகை. வந்து உட்காருகிற யாரையும் இவை இழுத்துவிடும். நானும் இதில் ஏமாந்திருக்கிறேன்.

மாணவர் மதிப்பீடு மட்டும் போதும் என்று விட்டுவிடலாமா என்றால், அந்தப் பக்கமும் நிலைமை நன்றாக இல்லை. 2017-இல் பாப் உட்டலும் உடன் ஆய்ந்தவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை மொத்தமாகத் திரட்டிப் பார்த்தார்கள். மாணவர்கள் ஆசிரியருக்குக் கொடுத்த மதிப்பெண்ணுக்கும் அவர்கள் உண்மையில் கற்றுக்கொண்டதற்கும் தொடர்பே தெரியவில்லை. 2019-இல் ஹார்வர்டின் அடிப்படை இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. ஒரு பகுதி மாணவர்கள் நல்ல பேச்சாளர் ஒருவரின் விரிவுரையைக் கேட்டார்கள். இன்னொரு பகுதியினர் அதே பாடத்தைக் குழுவாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கற்றார்கள். தேர்வில் குழுவாகக் கற்றவர்கள் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் 'நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன்' என்று அதிகம் நினைத்தவர்கள் விரிவுரையைக் கேட்டவர்கள். தானே முட்டிமோதிப் படிக்கும்போது புரியாத மாதிரி இருக்கிறது. யாராவது அழகாகச் சொல்லக் கேட்கும்போது புரிந்த மாதிரி இருக்கிறது. நாம் எல்லோரும் மாணவர்களாக இருந்தவர்கள்தானே, நமக்கே இது தெரியும்.

இப்படி ஆய்வுகள் குவிந்ததன் விளைவு, விவகாரம் நடுவர் மன்றம்வரை போனது. கனடாவின் டொராண்டோவில் அப்போது ரையர்சன் என்ற பெயரில் இருந்த பல்கலைக்கழகத்துக்கும் அதன் ஆசிரியர் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், நடுவர் வில்லியம் கப்லன் 2018-இல் தீர்ப்புச் சொன்னார். மாணவர் மதிப்பீட்டு எண்களை வைத்து ஒருவருக்குப் பதவி உயர்வு தரவோ பணி நிரந்தரம் செய்யவோ கூடாது என்றார். அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? ஆசிரியர் தொகுத்து வைக்கும் கற்பித்தல் கோப்பையும், வகுப்பறைக்கு வந்து சக ஆசிரியர்கள் பார்த்துச் சொல்வதையும் அவர் காட்டினார். ஆக, சுற்றிச்சுற்றி மறுபடியும் சகாக்களிடமே பொறுப்பு வந்து நிற்கிறது. அவர்கள் டாக்டர் ஃபாக்ஸிடம் ஏமாறாமல் பார்ப்பது எப்படி என்பதே கேள்வி.

இதற்கு உருப்படியான ஒரு விடை அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. ஷுல்மனின் கட்டுரைக்கு அடுத்த ஆண்டு, 1994-இல், அமெரிக்க உயர்கல்விச் சங்கம் 12 பல்கலைக்கழகங்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பாட் ஹட்சிங்ஸ் அதை நடத்தினார். லிங்கன் நகரில் இருக்கும் நெப்ராஸ்கா வளாகம் அந்தப் பன்னிரண்டில் ஒன்று. சங்கம் 2005-இல் மூடப்பட்டது. நெப்ராஸ்காவில் தொடங்கிய வேலை அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

அவர்கள் செய்தது எளிமையான ஒரு மாற்றம். மதிப்பாய்வு என்றால் ஒரு மணி நேர வகுப்பைப் பார்ப்பது என்பதை விட்டுவிட்டு, ஒரு செமஸ்டர் பாடமான ஒரு தாளை முழுசாக எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர் தன் சகாவுக்கு மூன்று குறிப்புகள் எழுத வேண்டும். முதல் குறிப்பு இந்தத் தாளின் நோக்கம் பற்றி: செமஸ்டர் முடியும்போது மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும், இந்தப் பாடங்கள் ஏன் இந்த வரிசையில் இருக்கின்றன. இரண்டாவது, அதற்காக வகுப்பில் என்னென்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன் என்பது. மூன்றாவதுதான் உயிர்நாடி. மாணவர்கள் எழுதிய விடைத்தாள்களையும் ஒப்படைப்புகளையும் நகலெடுத்து வைத்து, உண்மையில் அவர்கள் என்ன கற்றார்கள் என்று தானே ஆராய்ந்து எழுத வேண்டும். நன்றாக எழுதியவரின் தாள் ஒன்று, சுமாரானது ஒன்று, தவறிப்போனது ஒன்று என்று அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சில சமயம் வேறு பல்கலைக்கழகத்தில் அதே பாடத்தை நடத்துகிறவரும் இந்தத் தொகுப்பைப் படிப்பார்.

இதில் ஏமாற்ற இடம் குறைவு. குரல் வளம் விடைத்தாளில் தெரியாது. 'எல்லோருக்கும் புரிந்தது' என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டிருந்தது, சுமாரான தாளின் இரண்டாவது பக்கத்தில் உடைந்துபோகும். இந்த முயற்சியின் முன்னோடிகளில் ஒருவரான டான் பெர்ன்ஸ்டீன் என்ற உளவியல் பேராசிரியர் பின்னர் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே உருவான மதிப்பீட்டுச் சட்டகத்தில் ஏழு கூறுகள் இருக்கின்றன. பாடத்தின் இலக்கு, கற்பித்தல் முறை, மாணவர் கற்றது, வகுப்பறைச் சூழல், ஆசிரியர் தன் தவறிலிருந்து மாறிக்கொண்ட விதம், வழிகாட்டுதல், கற்பித்தல் சார்ந்த பொதுப்பணி. அவற்றில் 'மாறிக்கொண்ட விதம்' எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் ஆண்டு சொதப்பியவர் மூன்றாம் ஆண்டில் என்ன செய்தார் என்று கேட்கிற படிவம் அபூர்வம்.

நேரம்தான் இதில் சிக்கல். மூன்று குறிப்பும் விடைத்தாள் ஆய்வுமாக ஒரு தாளுக்கே ஒரு செமஸ்டர் போய்விடும். வாரத்துக்கு 16 ஹவர், இன்டர்னல் தேர்வு, அட்மிஷன் வேலை, தேர்வறைக் கண்காணிப்பு என்று ஓடுகிறவரிடம் இதைக் கேட்பது எளிதல்ல. அவசரத்துக்கு வகுப்பறையில் போய் உட்கார்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. அப்படி உட்காரும்போதும் எதைப் பார்ப்பது என்று தெரிந்து உட்கார வழி இருக்கிறது.

கோபஸ் என்று ஒரு கண்காணிப்புத் தாள் உண்டு. இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய பிறகு கற்பித்தலைப் பற்றியே அதிகம் வேலை செய்த கார்ல் வீமன் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த இந்த வேலை 2013-இல் வெளியானது. தாளில் வகுப்பு நேரம் இரண்டு இரண்டு நிமிடமாகக் கட்டம் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் மாணவர்கள் என்ன செய்கிறார்கள், ஆசிரியர் என்ன செய்கிறார் என்று டிக் அடித்துக்கொண்டே போக வேண்டும். கேட்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், தனியாக யோசிக்கிறார்கள், குழுவாகப் பேசுகிறார்கள் என்று மாணவர்களுக்கு 13 வகை. பேசுகிறார், எழுதுகிறார், கேள்வி கேட்கிறார், நடந்து போய்ப் பார்க்கிறார் என்று ஆசிரியருக்கு 12 வகை. நன்று, சுமார், மோசம் என்று எழுதக் கட்டமே இல்லை. ஒன்றரை மணி நேரப் பயிற்சி போதும், யார் வேண்டுமானாலும் இதை நம்பகமாக நிரப்பலாம். மெய்ன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து இதை நிரப்பியவர்கள் பள்ளிக்கூட ஆசிரியர்கள். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. பாடம் நடத்துவது எப்படி என்று முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அவர்கள்தானே. கல்லூரி ஆசிரியர்களில் பலருக்கு அந்தப் பயிற்சியே கிடையாது.

இந்தத் தாளின் பலன் வகுப்பு முடிந்து கட்டங்களை எண்ணும்போது தெரியும். 'நான் நிறைய உரையாடி நடத்துகிறேன்' என்று நம்புகிறவரின் தாளில், 50 நிமிடத்தில் 44 நிமிடம் 'பேசுகிறார்', 'கேட்கிறார்கள்' என்று வரிசையாக டிக் விழுந்திருக்கும். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. தாளை அவரே பார்த்துக்கொள்ளலாம். 2018-இல் இதே தாளை வைத்து வட அமெரிக்காவில் 25 கல்வி நிறுவனங்களில் 500-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் 2000-க்கும் மேற்பட்ட அறிவியல் வகுப்புகளை அலசியபோது, 55 சதவீத வகுப்புகள் பெரும்பாலும் விரிவுரையாகத்தான் இருந்தன.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில செமஸ்டர்களுக்கு முன் எங்கள் பொருளியல் துறையில் ஒரு மேடம் என்னைக் கூப்பிட்டார். முதலாமாண்டுக்கு நுண்பொருளியல் எடுப்பவர். இன்டர்னல் தேர்வில் தேவைக் கோடு (என்ன விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) பற்றிய கேள்வியில் பாதி வகுப்பு தவறியிருந்தது. "எங்கே விடுறேன்னு தெரியலை சார், அடுத்த செக்‌ஷனுக்கு அதையேதான் எடுக்கப் போறேன், ஒரு ஹவர் வந்து உட்காருங்க" என்றார். போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அருமையாக எடுத்தார். தக்காளி கிலோ 20 ரூபாயிலிருந்து 100 ரூபாய்க்குப் போனால் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று ஆரம்பித்தார். விலை ஏறினால் அதே கோட்டின் மேல் நகர்கிறோம், கோடு இடம் மாறாது. தீபாவளி போனஸ் வந்து கையில் காசு கூடினால் துணிக்கான தேவைக் கோடே வலப்பக்கம் நகர்ந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அன்றைய பாடம். "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது மேம்" என்று வகுப்பே சேர்ந்து சொன்னது. முன்னால் நின்றிருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

என் பக்கத்தில் இருந்த மாணவியின் நோட்டை எட்டிப் பார்த்தேன். தக்காளிப் படத்தில் இரண்டு கோடுகள். ஒரே கோடு இருக்க வேண்டிய இடம். முன் பெஞ்சில் எட்டும் தூரத்தில் தெரிந்த மூன்று நோட்டுகளில் இரண்டில் அதே மாதிரி இரண்டு கோடுகள்.

வகுப்பு முடிந்து வராந்தாவில் நின்று இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே கண்டுபிடித்தார். போர்டில் முதலில் வரைந்த கோடு விளிம்புக்குப் போய்விட்டதால், நடுவில் டஸ்டரால் அழித்துவிட்டுக் கொஞ்சம் இடப்பக்கமாக மறுபடி வரைந்திருந்தார். அவருக்கு அது அதே கோடு. பேனாவால் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளால் அழிக்க முடியாது. முதல் கோட்டையும் வைத்துக்கொண்டு இரண்டாவதையும் வரைந்துவிட்டார்கள். விலை ஏறினால் கோடு இடப்பக்கம் நகர்கிறது என்று படம் சொல்கிறது, வாயால் சொன்னது வேறு. தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி அவர்கள் படிக்கப்போவது நோட்டைத்தான்.

இதை எந்த ஃபீட்பேக் ஃபார்மும் சொல்லியிருக்காது. 'ஆசிரியர் தெளிவாக விளக்குகிறாரா' என்ற கேள்விக்கு அந்த மாணவி ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பாள், அவளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. நான் பாடத்தைக் கவனித்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. பார்க்க வருகிறவர் ஆசிரியரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மாணவர்களைப் பார்க்க ஆரம்பித்தால்தான் இந்த மதிப்பாய்வுக்கு அர்த்தமே வருகிறது என்று நான் உறுதியாக நம்புவதற்கு அந்த ஒரு ஹவர் காரணம்.

பதிலுக்கு அவர் என் வகுப்புக்கு வந்தார். கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன் என்று மட்டும் பார்க்கச் சொல்லியிருந்தேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே பள்ளி வகுப்பறைகளில் இதை அளந்திருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள். மூன்று வினாடிக்கு மேல் பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, பதில் சொல்லாதவர்களும் சொல்லத் தொடங்குகிறார்கள். மேடத்தின் கணக்குப்படி அன்று நான் கேட்டது 11 கேள்விகள். அதில் ஒன்பதுக்கு நானே பதில் சொல்லியிருந்தேன். இருபது வருடமாக நான் கேள்வி கேட்டு நடத்துகிற ஆசிரியர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதித் தந்த தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இந்த இரண்டு வகுப்புகளிலும் ஒருவரையொருவர் பார்த்தது பற்றி எங்கும் எதுவும் பதிவாகவில்லை. துறைத்தலைவருக்கு அறிக்கை போகவில்லை. போயிருந்தால் மேடம் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார். கூப்பிட்டிருந்தாலும் தவறிய பாடத்துக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார், நன்றாக வரும் பாடத்துக்குத்தான் கூப்பிட்டிருப்பார். நானும் நோட்டைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். 'சிறப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். நாளைக்கு அவரும் என் வகுப்புக்கு வருகிறவர்தானே. பரஸ்பர மதிப்பாய்வில் எல்லோருமே மிக நல்ல ஆசிரியர்களாகத் தேறிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

பிரிட்டனில் இந்தச் சிக்கல் பெரிய அளவில் வெளிப்பட்டது. 1993-இலிருந்து 2001 வரை அங்கே பல்கலைக்கழகத் துறைகளின் கற்பித்தல் தரத்தை வெளியாட்கள் வந்து ஆய்வு செய்தார்கள். வகுப்புகளில் உட்கார்ந்தும் பார்த்தார்கள். 1995-க்குப் பிறகு ஆறு அம்சங்களுக்குத் தலா 4 என்று 24-க்கு மதிப்பெண். மதிப்பெண் வெளியிடப்படும் என்றதும் துறைகள் ஒத்திகை பார்க்கத் தொடங்கின. ஒருவர் வகுப்பை ஒருவர் பார்க்கும் வழக்கம் அந்நாட்டில் பரவியதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். அதனாலேயே அதன்மேல் கண்காணிப்பு என்ற நிழல் விழுந்துவிட்டது. டேவிட் காஸ்லிங் என்ற கல்வியாளர் பின்னர் இதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். மேலதிகாரி பார்த்துத் தீர்ப்புச் சொல்வது ஒன்று, பயிற்சி பெற்றவர் பார்த்து வழிகாட்டுவது ஒன்று, சமமான இருவர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பது ஒன்று. மூன்றுக்கும் ஒரே படிவத்தைக் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். வகுப்பறைக்கே போகாமல் இருவர் வகுப்புக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேசுவது மட்டும் போதும் என்ற முறையையும் இப்போது அங்கே சிலர் பின்பற்றுகிறார்கள். முதலில் கேட்கும்போது விசித்திரமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், எங்கள் விஷயத்திலும் பாதிப் பலன் அந்த வராந்தாப் பேச்சில்தான் வந்தது.

மதிப்பெண் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், ஒருவர் ஒருமுறை பார்த்துப் போட்ட மதிப்பெண்ணை நம்பவே கூடாது. கேட்ஸ் அறக்கட்டளை அமெரிக்கப் பள்ளிகளில் சுமார் 3000 ஆசிரியர்களை வைத்து நடத்திய ஆய்வில் இது தெளிவாகவே தெரிந்தது. ஒரே ஆள் இரண்டு வகுப்பைப் பார்ப்பதைவிட இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு வகுப்பைப் பார்ப்பது நம்பகமானது. இங்கிலாந்தின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் தனி வகுப்புகளுக்கு மதிப்பெண் போடுவதை 2014-இல் நிறுத்தியேவிட்டது.

நம் ஊருக்கு வருவோம். இங்கே 'பியர்' என்ற சொல்லைக் கேட்டதும் கல்லூரிக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது, கல்லூரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் நாக் அமைப்பின் பியர் டீம்தான். நாக் அமைப்பும் 1994-இல், பெங்களூருவில் தொடங்கியதுதான், நெப்ராஸ்கா திட்டம் தொடங்கிய அதே ஆண்டு. ஆனால் அதன் வேலை வேறு. அது நிறுவனத்தை மதிப்பிடுகிறது. மூன்றாம் ஹவரில் இரண்டாம் செக்‌ஷனில் ஒரு பாடம் ஏன் புரியவில்லை என்பது அதன் எல்லைக்குள் வராது.

தனி ஆசிரியரின் பதவி உயர்வுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் வெளியிட்ட விதிமுறைகளில் கற்பித்தலுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் 80 சதவீதமும் அதற்கு மேலும் எடுத்திருந்தால் 'நன்று'. 70-ம் அதற்கு மேலும், ஆனால் 80-க்குக் கீழ் என்றால் 'திருப்திகரம்'. அதற்கும் கீழ் என்றால் திருப்தி இல்லை. அவ்வளவுதான். ஆய்வுக் கட்டுரைக்கு எந்த இதழ், எத்தனையாவது ஆசிரியர் என்று நுணுக்கி நுணுக்கிப் புள்ளி கொடுக்கிற அதே ஆவணத்தில், பாடம் நடத்துவதற்கு வருகைக் கணக்குதான். வகுப்புக்கே போகாதவர்களைப் பிடிக்க இந்த விதி தேவை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வகுப்புக்குப் போனவர் எப்படி நடத்தினார் என்பதற்கு இதில் இடமே இல்லை. ஷுல்மன் சொன்ன தனிமை நம் விதிப்புத்தகத்திலேயே அச்சாகிக் கிடக்கிறது.

அதற்காக நாளைக்கே ஒரு சுற்றறிக்கை போட்டு, எல்லோரும் எல்லோர் வகுப்பையும் பார்த்து மாதம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்று சொல்லிவிடக் கூடாது என்பதே என் பெரிய கவலை. படிவங்கள் நிரம்பிவிடும், வகுப்புகள் மாறாது. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டின் அரசுக் கலைக் கல்லூரிகளில் கணிசமான வகுப்புகளை எடுப்பவர்கள் தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள். நிரந்தரப் பேராசிரியர் ஒருவர் அவர்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் அது சக ஆசிரியர் வருகையாக இருக்காது. வேலை நீடிக்குமா என்ற பயத்தோடு நிற்கிறவர், தனக்கு எது வரவில்லை என்று எப்படி வாய்விட்டுச் சொல்வார்? அவர்கள் தங்களுக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வழிசெய்வதும், அதில் எதுவும் கோப்புக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி கொடுப்பதும் முதல் வேலை.

தொடங்குவதற்குச் செலவில்லை. இரண்டு பேர் வேண்டும், ஒரே பாடத்தைத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது. போகும் முன் பத்து நிமிடம் பேச வேண்டும்: இன்றைக்கு எந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்குவார்கள் என்று நினைக்கிறீர்கள், நான் எதைப் பார்க்க வேண்டும்? வகுப்பில் பின்னால் உட்கார்ந்து நோட்டுகளைப் பார்க்க வேண்டும். யார் எழுதுவதை நிறுத்துகிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கே பேசிவிட வேண்டும், ஒரு வாரம் தள்ளினால் சூடு ஆறிவிடும். பேசும்போது பார்த்ததை முதலில் சொல்ல வேண்டும், தீர்ப்பைச் சொல்லவே வேண்டாம். '10.25-க்கு அப்புறம் கடைசி மூன்று வரிசையில் யாரும் எழுதவில்லை' என்று சொன்னால் போதும். ஏன் என்று வகுப்பெடுத்தவருக்கே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

மேடம் இப்போது தேவைக் கோட்டை எடுக்கும்போது போர்டைத் தொடுவதற்கு முன்பே பிள்ளைகளை நோட்டில் வரையச் சொல்கிறார், வரிசைகளுக்கு நடுவே நடந்து பார்த்துவிட்டுத்தான் சாக்பீஸை எடுக்கிறார். இந்த செமஸ்டரில், விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்று கணக்கிடும் நெகிழ்ச்சிப் பாடத்தை நடத்தும்போது என்னை வரச் சொல்லியிருக்கிறார். அதில் சதவீதக் கணக்கு வரும் இடத்தில் தமிழ் மீடியத்திலிருந்து வந்த பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள் என்று மட்டும் பார்க்க வேண்டுமாம். புதன்கிழமை இரண்டாவது ஹவர்.